ஆடி மாதத்து ஐம்பது நாற்காலிகள்

ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. மயிலாப்பூரில் முந்நூறு பேர் உட்காரக்கூடிய அரங்கம். மேடையில் மூன்று பேர், கீழே பதினொரு பேர். அந்தப் பதினொருவரில் பாடகியின் அப்பா ஒருவர், அம்மா ஒருவர், மழைக்கு ஒதுங்கியவர் ஒருவர். மைக் செட்காரரைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவர் தூங்கிவிட்டார். அன்று அந்தப் பெண் பாடிய தோடி இன்னும் காதில் நிற்கிறது. ஆலாபனை முடிந்ததும் எல்லாரும் கைதட்டினோம். அவ்வளவு பெரிய கூடத்தில் பதினொரு பேர் தட்டினால் அது கைதட்டல் மாதிரியே இருக்காது, யாரோ பாயை உதறுகிற மாதிரி இருக்கும். இதே பெண், இதே மேடை, தேதி மட்டும் டிசம்பர் 22 என்றால் வாசலில் கூடுதல் நாற்காலி போட்டிருப்போம்.

அந்தக் கச்சேரியை ஏற்பாடு செய்தவன் நான்தான். அதற்கப்புறம் பல வருடம் சிறிய அளவில் கச்சேரி நடத்தி, கையைச் சுட்டுக்கொண்டு கற்றதை இந்த அத்தியாயத்தில் சொல்கிறேன். டிசம்பர் சீசனை நடத்துவது எப்படி என்று இதில் இருக்காது. சீசனுக்கு ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது. மீதிப் பதினோரு மாதம் கேட்பாரில்லாமல் கிடக்கிறதே, அதற்குத்தான் இந்த அத்தியாயம்.

சந்தா போன கதை

கொஞ்சம் பழங்கதை தெரிந்தால்தான் எங்கே மருந்து போடுவது என்று தெரியும். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா 1900இல் தொடங்கியது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. பிறகு மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபா, தி.நகரில் வாணி மகாலைக் கட்டிய தியாக பிரம்ம கான சபா, அதே தி.நகரில் கிருஷ்ண கான சபா, ஆழ்வார்பேட்டைப் பக்கம் நாரத கான சபா என்று பேட்டைக்குப் பேட்டை முளைத்தன.

இவற்றின் உயிர்நாடி உறுப்பினர் சந்தா. குடும்பம் சந்தா கட்டும். சபா மாதாமாதம் நிகழ்ச்சி போடும். வெறும் கச்சேரி மட்டும் என்றால் எத்தனை வீட்டில் கட்டியிருப்பார்களோ தெரியாது. கே. பாலசந்தரின் ராகினி ரிக்ரியேஷன்ஸ், சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ், ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யு.ஏ.ஏ. என்று நாடகக் குழுக்கள் சபா சபாவாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நாடகத்துக்காகச் சந்தா கட்டிய குடும்பம், கட்டிய காசு வீணாக வேண்டாமே என்று கச்சேரிக்கும் வந்தது. மாமாவுக்கு ஆபீஸில் நேரமாகிவிட்டால் அவர் பாஸில் பக்கத்து வீட்டு மாமி வருவாள். அப்படி ஓசிப் பாஸில் வந்து உட்கார்ந்து ரசிகரானவர்கள் இந்த ஊரில் ஏராளம். நானும் அந்த ஜாதிதான்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி வந்தது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சினிமா என்று வாரத்தின் இரண்டு நல்ல சாயங்காலங்களை அது எடுத்துக்கொண்டது. நாடகம் தேய்ந்தது, கூடவே சந்தாவும் தேய்ந்தது. அந்தப் பள்ளத்தை விளம்பரதாரர்கள் நிரப்பினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பல சபாக்கள் பூட்டுப் போட்டிருக்கும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் விளம்பரதாரருக்குப் பேனர் வேண்டும், பேனருக்குக் கீழே கூட்டம் வேண்டும். கூட்டம் டிசம்பரில் வருகிறது, ஆகவே பணமும் டிசம்பருக்கு வந்தது. ஜூலை மாதத்துக் கச்சேரியைத் தன்னுடையது என்று சொல்ல ஓர் ஆளும் மிஞ்சவில்லை.

கலைஞர் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிரீன்வேஸ் சாலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா இருக்கிறது, மயிலாப்பூரில் இரண்டு தெருவுக்கு ஒரு பாட்டு வகுப்பு நடக்கிறது. மாதத்தின் மேலும் பழி போட முடியாது. பெங்களூர் சாமராஜப்பேட்டையில் 1939 முதல் ராமநவமிக்குப் பந்தல் போட்டு, கோடையில், ஒரு மாதத்துக்கு மேல் கச்சேரி நடத்துகிறார்கள். நம் கிருஷ்ண கான சபாவிலேயே கோகுலாஷ்டமிக்கு ஒரு நீண்ட தொடர் நடந்து வந்திருக்கிறது. எங்கே ஒரு நாள், ஒரு காரணம், அதைப் பிடித்துக்கொண்டிருக்க நாலு பேர் இருக்கிறார்களோ அங்கே கூட்டம் வருகிறது. 2017இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சென்னையை இசைக்காகச் சேர்த்தது. சந்தோஷம். உங்கள் ஜூலை மாதத்து நாற்காலியை நிரப்ப யுனெஸ்கோ வராது.

ஆகவே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: பழைய சந்தாவை, சின்ன அளவில், உங்கள் தெருவிலிருந்து மறுபடி தொடங்குவது. ஐம்பது பேர் போதும்.

ஆடி மார்கழிப் பொருத்தம்

ஆடிக்கும் மார்கழிக்கும் ஒரு பொருத்தம் உண்டு. இரண்டிலும் முகூர்த்தம் கிடையாது. மண்டபங்கள் காலி. மைக் செட்காரர் காலி. வயலின்காரர், மிருதங்கக்காரர் கல்யாண ரிசப்ஷன் கச்சேரிக்குப் போக வேண்டியதில்லை. முக்கியமாக, ரசிகர்களுக்கும் ரிசப்ஷன் கிடையாது. மார்கழியில் இந்த வசதியை ஊரே பயன்படுத்திக்கொள்கிறது. ஆடியில் யாரும் கண்டுகொள்வதில்லை. தை, வைகாசி, ஆவணியில் கச்சேரி தொடங்கி, 'எல்லாரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள்' என்று புலம்பிய அமைப்பாளர்கள் பட்டியலில் என் பெயரும் உண்டு. உங்கள் முதல் கச்சேரியை ஆடியில் வையுங்கள்.

ஆடியில் ஒரே ஒரு போட்டி உண்டு: அம்மன் கோயில்கள். முண்டகக்கண்ணி அம்மன், கோலவிழி அம்மன் பக்கம் வீடு என்றால் சொல்லவே வேண்டாம், கூம்பு ஒலிபெருக்கி காலையிலேயே ஆரம்பித்துவிடும். அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். கோயில் விழாக் குழுவினரிடம் போய் எந்த எந்த நாள் இன்னிசை நிகழ்ச்சி என்று கேட்டு, அந்த நாட்களை விட்டுவிடுங்கள். முடிந்தால் அவர்கள் மேடையில் உங்கள் பாடகருக்கு அரை மணி நேரம் வாங்குங்கள். கூழ் ஊற்றுகிற நாளில் அங்கே நிற்கிற கூட்டம் எந்த சபாவும் பார்க்காத கூட்டம்.

கிழமையை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் மாற்றக் கூடாது. இரண்டாம் சனிக்கிழமை ஆறேகால் மணி என்றால் எல்லா மாதமும் அதுதான். கலைஞருக்கு வசதிப்படவில்லையா, கலைஞரை மாற்றுங்கள், நாளை மாற்றாதீர்கள். பெரிய வித்வானின் தேதிக்காக நாங்கள் ஒருமுறை கிழமையை மாற்றினோம். அந்த மாதம் எழுபது பேர் வந்தார்கள். அடுத்த மாதம் பழைய கிழமைக்குத் திரும்பியபோது இருபது பேர். பாதிப் பேருக்கு எந்த நாள் என்றே குழப்பம். 'போன வாரமே முடிஞ்சுதுன்னு நெனச்சேன் சார்' என்று ஒரு வருடம் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

எட்டரைக்கு முடித்துவிட வேண்டும். லஸ் முனையிலும் பனகல் பூங்காவிலும் மெட்ரோவுக்குத் தோண்டியதில் வீட்டுக்குப் போகிற கவலை கச்சேரி பாதியிலேயே ஆட்களைப் பிடித்துக்கொண்டது. தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகிறவர்களை எல்லாரும் திட்டுகிறோம். அவர்களில் பாதிப் பேர் 21ஜி பஸ்ஸை நினைத்து எழுந்தவர்கள். தனி ஏழே முக்காலுக்குள் வந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் உட்கார்கிறார்கள், சொல்லிப் பார்த்துவிட்டேன்.

கூடம்

ஐம்பது பேருக்கு அறுபது பேர் கொள்ளும் கூடம்தான் வேண்டும். முந்நூறு பேர் அரங்கத்தில் ஐம்பது பேர் சிதறி உட்கார்ந்தால் துக்க வீடு. அறுபது பேர் கூடத்தில் அதே ஐம்பது பேர் உட்கார்ந்தால் கடைசியாக வருகிறவர் கதவருகில் நின்று எட்டிப் பார்ப்பார். அடுத்த மாதம் சீக்கிரம் வருவார். லஸ் பக்கம் நாத இன்பம் அமைப்பு கச்சேரி நடத்துகிற ராக சுதா ஹாலில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். பாடுகிறவர் முகம் தெரிகிற தூரத்தில் கேட்பது வேறு அனுபவம் என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

சபா அரங்கம்தான் வேண்டும் என்றில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடம், கோயில் மண்டபம், பள்ளிக்கூடத்து மாடி, மொட்டை மாடி எதுவும் ஆகும். இடத்தைப் பார்க்கப் போகும்போது நடுவில் நின்று ஒருமுறை ஓங்கிக் கைதட்டுங்கள். சத்தம் சுவரில் மோதி 'டர்ர்' என்று இழுத்தால் மிருதங்கம் அங்கே குழம்பிப்போகும். டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல் இரண்டும் சேர்ந்த கூடங்கள்தான் மோசம். தரை முழுக்க ஜமக்காளம், பின்சுவரில் இரண்டு கனத்த திரைச்சீலை போட்டால் பாதி சரியாகிவிடும். மீதியை ஆட்கள் உட்கார்ந்ததும் அவர்கள் உடம்பு சரிசெய்துவிடும். பிறகு மின்விசிறியைப் போட்டுக் கேளுங்கள். பக்கத்து வீட்டு சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மூன்று விசில் நிச்சயம், அதுவும் எப்போதும் அனுபல்லவியில்.

அறுபது பேர் கூடத்துக்கு மைக்கே வேண்டியதில்லை என்பது என் கட்சி. நாகேஸ்வர ராவ் பூங்காவில் சுந்தரம் பைனான்ஸ் ஆதரவில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சிறுவர்கள் மைக் இல்லாமல் பாடுகிற கச்சேரி பல வருடமாகப் பிரபலம். திறந்தவெளியில், காக்கைக்கும் நடைப்பயிற்சிக்காரர்களுக்கும் நடுவில் பத்து வயதுப் பிள்ளைகள் பாட முடிகிறது என்றால் மூடிய கூடத்தில் பெரியவர்கள் பாட முடியாதா? முதல் பத்து நிமிடம் 'கேக்கலை' என்பார்கள். பிறகு அவர்களே பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். வீணைக்கு மட்டும் இது சரிப்படாது. அதற்கு ஒரு சின்ன ஒலிபெருக்கி வேண்டும்.

மைக் வைத்தே தீருவது என்றால், உங்களில் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு வர்ணம் முடிவதற்குள் அளவைச் சரிசெய்துவிடுங்கள். எல்லா ஊர் மைக் செட்காரருக்கும் மிருதங்கத்தின் மேல் ஒரு பிரியம். பாடகர் விரலை மேலே காட்டி 'ஏத்துங்க' என்று சைகை செய்துகொண்டே இருந்தால் அந்தக் கச்சேரி போயிற்று.

பக்க அறையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். மிருதங்கக்காரர் வந்ததும் முதலில் கேட்பது தண்ணீர். சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ரவையைப் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் உருட்டி, இடப்பக்கத்துத் தொப்பியின் நடுவில் அப்புவார். ஒரு தட்டு. கொஞ்சம் கிள்ளி எடுப்பார். மறுபடி ஒரு தட்டு. பிறகு மிருதங்கத்தைத் திருப்பி, வலந்தலையின் ஓரத்தைக் கல்லால் ஒவ்வொரு கண்ணாகத் தட்டிக்கொண்டே வருவார், தம்புராவோடு சேருகிற வரை. இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆகும். அவருக்கு நேராக பெடஸ்டல் ஃபேனை வைத்தீர்கள் என்றால் ரவை காய்ந்து, தொப்பியின் குரல் கட்டிப்போகும். ஏ.சி. கூடம் என்றால் கலைஞர்கள் வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். சுருதி சேர்த்து முடித்தபிறகு போட்டால் வயலின் சுருதி விலகிவிடும். ஒரு செம்புத் தண்ணீர், துடைக்கத் துணி, தம்புராப் பெட்டிக்கு ஒரு பிளக், பூட்டுகிற மாதிரி ஒரு கழிப்பறை. இந்த நாலும் இருந்தால் நீங்கள் நல்ல அமைப்பாளர் என்று நகரம் முழுக்கப் பேர் பரவும்.

கணக்கு

ஐம்பது உறுப்பினர், மாதம் 300 ரூபாய், ஆக 15,000. இது மாதிரிக் கணக்குதான்; உங்கள் பேட்டை விலைவாசிப்படி மாற்றிக்கொள்ளுங்கள். பாடகருக்கு 4,000, வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் தலா 2,500, கூடத்துக்கு 2,500, மைக்குக்கு 1,500, காபி சுண்டலுக்கு 1,000. ஆயிரம் மிஞ்சும். மைக் வேண்டாம் என்றால் அந்த 1,500ஐ அப்படியே பக்கவாத்தியத்துக்குக் கூட்டுங்கள். சின்னத் தொகைதான், எனக்குத் தெரியும். ஆனாலும் வாய்ப்புக் கொடுக்கிறோம் என்று சொல்லிச் சும்மா வாசிக்க வைத்து, கடைசியில் ஒரு சால்வையும் பிளாஸ்டிக் கேடயமும் தருகிற வழக்கத்துக்கு இது எவ்வளவோ மேல்.

சன்மானக் கவரைக் கச்சேரிக்கு முன்பே பக்க அறையில் கொடுத்துவிடுங்கள். முடிந்தபிறகு கொடுத்தால், பத்துப் பேர் சூழ்ந்து பாராட்டிக்கொண்டிருக்கையில், மிருதங்கக்காரர் மூலையில் நின்று உங்களைத் தேடிக்கொண்டிருப்பார். ஒருமுறை நான் கவரை மறந்து வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பையன் ஒன்றும் சொல்லாமல் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனான். மறுநாள் காலையில் அவன் வீடு தேடிப் போய்க் கொடுத்தேன். அவன் அம்மா காபி கொடுத்தாள், எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

கலைஞரிடம் பணம் வாங்கிக்கொண்டு மேடை கொடுக்காதீர்கள். நன்கொடை, ஸ்பான்சர், மலர் விளம்பரம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் வேண்டாம். அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த குழந்தையின் அப்பா ஆசையாகத்தான் நீட்டுவார். ஒருமுறை வாங்கினால் அடுத்த மாதம் யார் பாடுவது என்பதை உங்கள் காது தீர்மானிக்காது.

உறுப்பினர் அல்லாதவருக்கு நுழைவு 100 ரூபாய் வையுங்கள். இலவசக் கச்சேரிக்கு வருகிறவர் இரண்டாம் பாட்டில் எழுந்து போகத் தயங்குவதில்லை. மாணவர்களுக்கு மட்டும் சும்மா. யு.பி.ஐ. அட்டையைச் செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே ஒட்டுங்கள். குனிகிறவர் நிமிரும்போது கண்ணில் படும்.

வரி என்று பயமுறுத்துவார்கள். இசை நிகழ்ச்சிக்கு ஒருவருக்கு 500 ரூபாய் வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. சாஸ்திரிய, நாட்டுப்புறக் கலைஞரின் சன்மானத்துக்கும் 1.5 லட்சம் ரூபாய் வரை விலக்கு உண்டு. சங்கமாகப் பதிவு செய்ய, 1975ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேராவது வேண்டும். முதல் வருடம் பதிவெல்லாம் வேண்டாம் என்பேன். இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற ஒரு வங்கிக் கணக்கு, மாதாமாதம் கூடத்துச் சுவரில் ஒட்டுகிற வரவு செலவுத் தாள், இரண்டும் போதும். அந்தத் தாளை ஒட்டத் தொடங்கிய மாதத்திலிருந்து எங்களுக்குச் சந்தா பாக்கி என்பதே இல்லாமல் போயிற்று. சுண்டலுக்கு எவ்வளவு ஆயிற்று என்று படிப்பதற்கே சிலர் முன்னதாக வந்தார்கள்.

ஒலிபெருக்கி வெளியே கேட்கிற மாதிரி வைத்தால் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக அந்த அனுமதியும் உதவாது. கட்டணம் வாங்குகிற கச்சேரியில் காப்புரிமையும் ஒரு விஷயம். படைப்பாளி இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. மும்மூர்த்திகளைப் பாடினால் கவலை இல்லை. கபாலி கோயில் மாட வீதிகளில் மார்கழி பஜனை பாடி நடந்த பாபநாசம் சிவன் 1973இல் காலமானார். அவர் பாடல்களுக்கு 2033 முடிய உரிமை இருக்கிறது. பதிவு செய்து யூடியூபில் ஏற்றுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூப் என்றதும் ஒன்று. கொரோனா வருடத்தில், 2020 டிசம்பரில், சபாக்கள் கூடிச் சீசனை இணையத்தில் நடத்தினார்கள். அன்றைக்கு அது பெரிய உதவி. ஆனால் உங்கள் மாதக் கச்சேரியை நேரலை போடாதீர்கள். நாலு தெரு தள்ளி இருக்கிறவர் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார். மறுநாள் ஒரே ஒரு பாட்டை மட்டும் ஏற்றுங்கள், அதுவும் நன்றாக அமைந்ததை.

கரும்பலகை

எங்கள் கூடத்தில் வேலை செய்த தந்திரங்களில் மிக மலிவானது ஒரு கரும்பலகை. பழைய பள்ளிக்கூடச் சாமான் கடையில் வாங்கியது, மேடைக்கு இடப்பக்கம் ஸ்டூல் மேல் சாய்த்து வைத்திருந்தோம். பாட்டு வகுப்புப் பெண் ஒருத்தி சாக்குக்கட்டியோடு பக்கத்தில் உட்காருவாள். ஆலாபனை முடிந்து பாட்டின் முதல் வரி வந்ததும் எழுதுவாள்: பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர். ஆலாபனையின்போது எழுதக் கூடாது. அது கண்டிப்பான விதி. ராகத்தைக் கண்டுபிடிக்கிற சுகத்தைக் கெடுத்தால் பழைய ரசிகர்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள்.

புதிதாக வருகிறவரின் கூச்சத்துக்குக் காரணமே இதுதான்: பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ராகம் என்று தெரியும், தனக்குத் தெரியாது. கேட்கவும் வெட்கம். இந்த வெட்கத்தோடு இரண்டு முறை வருவார், மூன்றாவது முறை வர மாட்டார். பலகை வந்தபிறகு ஆலாபனை நடக்கும்போதே துண்டுச் சீட்டுகள் ஓடத் தொடங்கின. 'காம்போதியா ஹரிகாம்போதியா' என்று ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவருக்கும் பிளஸ் டூ படிக்கிற பையனுக்கும் ஐந்து மாதம் சண்டை. தாசில்தார் ஜெயித்தால் அவனுக்குச் சுண்டல், பையன் ஜெயித்தால் இவருக்கு முறைப்பு. இரண்டு பேரும் ஒரு மாதம்கூட விடவில்லை.

பாட்டு வகுப்பு மாணவர்கள் தாங்கள் பாடுகிற நாளுக்கு மட்டும் வருவார்கள், பாடி முடித்ததும் குடும்பத்தோடு போய்விடுவார்கள் என்பது எல்லா அமைப்பாளரின் அழுகை. அவர்களுக்கு வேலை கொடுங்கள். பலகை எழுதுவது, தம்புரா மீட்டுவது, வாசலில் சந்தா வாங்குவது, பாடகரை அறிமுகம் செய்து மூன்று வாக்கியம் பேசுவது. மூன்றுதான், நாலாவது வாக்கியத்தில் விருதுப் பட்டியல் தொடங்கிவிடும்.

தின்பதற்கு ஒரே பண்டம் போதும். சீசன் கேன்டீனோடு போட்டி போடாதீர்கள். சுண்டலும் காபியும், அதுவும் கச்சேரிக்குப் பிறகு. முன்னால் கொடுத்தால் காகித டம்ளர் நசுங்குகிற சத்தம். பிறகு கொடுத்தால் அரை மணி நேரம் நின்று பேசுவார்கள், அந்தப் பேச்சில்தான் அடுத்த மாதக் கச்சேரிக்கு ஆள் சேரும்.

ஒரே சங்கீதம்தானா?

நான் கர்நாடக சங்கீதத்தையே பேசிக்கொண்டிருக்கிறேன், பழக்க தோஷம். பேட்டை என்றால் மாட வீதி மட்டும் இல்லை. 2015இல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் வேறு பலரும் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குப்பத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவைத் தொடங்கினார்கள். கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே கடற்கரையில் கேட்டன. அதைப் பற்றி இரண்டு பக்கமும் நிறையப் பேசினார்கள். எனக்குப் பட்டது ஒன்று: குப்பத்துக்காரர்கள் விருந்தாளியாக நின்ற இடத்தில் கொஞ்சம் ஒட்டாமல் இருந்தது, அவர்களே நாற்காலி போட்டு, அவர்களே மேடையில் ஏறிய இடத்தில் விழா விழாவாக இருந்தது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் நாட்டுப்புறக் கலைஞர்களைக் கொண்டுவந்தது. நின்றுபோய், 2023இல் மறுபடி வந்தது. சங்கமம் முடிந்ததும் அந்தக் கலைஞர்கள் ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

உங்கள் பன்னிரண்டு மாதத்தில் மூன்றையாவது இவர்களுக்கு ஒதுக்குங்கள். ஒரு மாதம் நாகஸ்வரம். அதை மட்டும் மொட்டை மாடியில் வையுங்கள், கூடத்துக்குள் தாங்காது. ஒரு மாதம் வில்லுப்பாட்டோ கானாவோ. ஒரு மாதம் மெல்லிசை. கல்யாண ரிசப்ஷனில் யாரும் கேட்காமல் பந்திக்குப் போய்க்கொண்டிருக்கையில் பாடுகிற அந்த மெல்லிசைக் குழுப் பாடகரை, ஐம்பது பேர் கண்ணைப் பார்த்துக் கேட்கிற இடத்தில் ஒருமுறை உட்கார வைத்துப் பாருங்கள். எங்கள் கூடத்தில் உட்கார்ந்தவர் முதல் பாட்டு முடிந்ததும் தண்ணீர் கேட்டார். கை நடுங்கியது. இருபது வருடத்தில் பாட்டு முடிகிற வரை எல்லாரும் சும்மா இருந்தது இதுதான் முதல் தடவை என்றார். சந்தாதாரர்களில் இரண்டு பேர் சினிமாப் பாட்டுக்கு எதிர்ப்புத் தெரிவித்து அந்த மாதம் வரவில்லை. அடுத்த மாதம் வந்தார்கள். என்ன என்ன பாடினார் என்று விசாரித்தார்கள்.

முதல் ஆறு மாதம் கூட்டத்தை எண்ணாதீர்கள், சந்தாவை எண்ணுங்கள். ஐப்பசி மழையில் ஒரு கச்சேரிக்கு ஒன்பது பேர் வருவது நிச்சயம், அன்றைக்கும் கச்சேரி நடக்க வேண்டும். ரத்து செய்தால் 'மழைன்னா இருக்காது' என்று பேர் ஆகிவிடும்.

ஆடி பெரும்பாலும் ஜூலை 17 வாக்கில் பிறக்கும். வைகாசி முகூர்த்தம் நெருக்கும்போது மண்டபத்துக்காரருக்கு நின்று பேச நேரம் இருக்காது. ஆகவே சித்திரையிலேயே ஒரு போன் செய்துவிடுங்கள். ஆடியில் இரண்டாம் சனிக்கிழமை கூடம் காலியா என்று கேளுங்கள். நான் கேட்டபோது மண்டபத்துக்காரர், "ஆடியிலேயா? யாருக்கு சார் கல்யாணம்?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே வாடகையில் ஐந்நூறு குறைத்தார்.